வெப்ஸ்ரரின் மூச்சு

கிறிஸ்ரோபர் அண்ணை வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. பாட்டு ஓடும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் எழும்பி முற்றத்துக்குப் போய் இருமிவிட்டு வரவேண்டும். குருநகரில் படகு வைத்திருக்கிற மனுசன், பூசையில்கூட இவ்வளவு பக்தியாக இருந்திருப்பாரோ தெரியாது. ஜாஸ் என்றால் அவருக்கு உயிர்.

ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் நாலு பேர் அங்கே கூடுவோம். அவர், சங்கீத ரீச்சர் நிரோஜினி, எமில்ராஜ், நான். கிழமைக்கு ஒருவர் தனக்குப் பிடித்ததைப் போடுவார், மற்றவர்கள் கேட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எமில்ராஜ்தான் என்னைச் சேர்த்துவிட்டவன். சோனகதெருவில் என் பழைய இரும்புக் கடைக்கு ஏதோ வாங்க வந்தவன், என் போனில் சார்லி பார்க்கர் ஓடுவதைக் கேட்டு, வந்த வேலையை மறந்து நின்றுவிட்டான்.

எனக்கு ஜாஸ் வந்தது ரேடியோவால். பொடியனாக இருந்த காலத்தில் ரேடியோவுக்கு முன்னால் ரெக்கோடரை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவேன். ஒருநாள் பென் வெப்ஸ்ரரின் சக்சபோன் குழைந்து வருகிற இடத்தில் குசினிக்குள்ளிருந்து உம்மா கூப்பிட்டுவிட்டா. "ஜெஸீம், சோறு ஆறிப்போகுது, வா மகன்." அதுவும் கசெற்றில் ஏறிவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை, எங்கள் சோனகர் எல்லாரையும், யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தியபோது போட்ட உடுப்போடு போனோம். உம்மா புத்தளத்து முகாமில் மௌத்தாகிப் போனா. அவவின் முகம் அடையாள அட்டைப் படத்தில் இருக்கிறது. குரல் அந்தக் கசெற்றில் மட்டும்தான் இருந்தது. திரும்பி வந்த பிறகு நான் அதைத் தேடி ஏறி இறங்காத பழைய சாமான் கடை இல்லை.

போன ஞாயிறு கிறிஸ்ரோபர் அண்ணையின் முறை. இன்றைக்கு வெப்ஸ்ரர் என்று சொல்லி ஒரு கசெற் பெட்டியை மேசையில் வைத்தார். அதில் பச்சை மையில் வெப்ஸ்ரரின் பெயர் எழுதியிருந்தது. என் எழுத்து.

இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடையில் வாங்கினாராம். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது அரிசியை விட்டுவிட்டு இதைத்தான் சாவகச்சேரிக்குச் சுமந்தாராம். அந்தக் கடைக்கு இது எவன் வீட்டிலிருந்து வந்தது என்று மட்டும் மனுசன் யோசிக்கவேயில்லை. கேட்டுவிட வாயெடுத்தேன். ஆனாலும் விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு சாமான் யாருடையது என்ற வழக்கு எனக்கெதற்கு? உம்மாவின் குரலைக் கேட்டால் போதும்.

பெட்டி வெறும் பெட்டிதான், பாட்டு இப்போது கொம்பியூற்றரில் இருக்கிறது என்று சொல்லிப் போட்டார்.

என்னுடையதேதான். ரெக்கோடர் பொத்தானை நான் பிந்தி அமத்தியதால் தொடக்கம் அறுந்திருந்தது. ஆனால் ரேடியோ இரைச்சல் ஒரு பொட்டும் இல்லை. சக்சபோன் மேலே ஏறி, கொஞ்சம் தயங்கி, பிறகு இறங்கும். இறங்குகிற இடத்தில்தான் உம்மா வருவா. நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏறியது. தயங்கியது. இறங்கியது. உம்மா வரவில்லை. பாட்டு அப்படியே முடிந்துவிட்டது.

"கேட்டியளே? வெப்ஸ்ரரின்ரை மூச்சுக்கூடக் கேக்குது," என்றார் கிறிஸ்ரோபர் அண்ணை. "முந்தி நடுவிலை ஆரோ ஒரு மனுசி கத்திப் பழுதாக்கி வைச்சிருந்தா. கனடாவிலை என்ரை மகன் அவவைத் துப்புரவா எடுத்துப்போட்டான்."

கசெற் எங்கே என்று கேட்டேன். பூஞ்சணம் பிடித்ததால் எறிந்துவிட்டாராம்.

"அது என்ரை உம்மா, அண்ணை," என்றேன்.

எழுத்து என்னுடையது என்பதையும் சொன்னேன். நிரோஜினிதான் முதலில் வாய் திறந்தா. மகனிடம் பழைய பதிவு இருக்குமோ என்று கேட்டா. உடனேயே போன் எடுத்தார்கள். மகன் றோய் நித்திரைக் குரலில், அதை எப்பவோ அழித்துவிட்டேன், அந்தச் சத்தம் யாருக்கு வேணும் என்றான். நிரோஜினி கண்ணைத் துடைத்தா. அவ எதற்கு அழவேண்டும் என்று எனக்கு அந்த நேரம் அவவிலும் கோபம் வந்தது.

கிறிஸ்ரோபர் அண்ணையின் முகம் கறுத்துப் போயிருந்தது. "நான் களவெடுக்கேல்லை, ஜெஸீம். காசு குடுத்து வாங்கினனான்," என்றார். களவென்று நான் சொல்லவேயில்லை.

பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், ஆறுதல் என்று நினைத்தாரோ என்னவோ, அதே பாட்டைத் திரும்பவும் போட்டார். நாலு பேரும் குனிந்துகொண்டு இருந்தோம். சக்சபோன் ஏறியது. தயங்கியது. இறங்கத் தொடங்கியது.

"ஜெஸீம், சோறு ஆறிப்போகுது, வா மகன்," என்று நானே சொன்னேன். குசினியிலிருந்து கூப்பிடுகிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன்.

பழக்கம் விடுமா? கிறிஸ்ரோபர் அண்ணையின் விரல் தன்பாட்டில் உதட்டுக்குப் போனது.