அடைப்புக்குறி தொலைந்த புத்தகங்கள்

நாற்பது லட்சம். நகர நூலகத்தின் மூளைக்கு ஒரு தகவல் வியாபார நிறுவனம் போட்ட விலை அது.

மூளை என்றால் புத்தகங்கள் அல்ல. எந்த நூல், யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம் என்று மூன்று தலைமுறை ஊழியர்கள் கண் பூத்துப்போக எழுதிச் சேர்த்த நூற்பட்டியல். வாங்கிவிட்டால் அது நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தம். அதன்பிறகு சின்னப் பதிப்பகமானாலும் சரி, பள்ளிக்கூடமானாலும் சரி, எட்டிப் பார்க்கக் காசு கட்ட வேண்டும்.

தலைமை நூலகர் துணி மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். பேசத் தெரிவதற்கு முன்பே பேரம் தெரிந்தவள். அவள் நகரமன்றத்தில் எழுந்து நின்று, "விக்க வேண்டாம், திறந்து வெச்சிடலாம். யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கட்டும்" என்றாள்.

"சும்மாவா?" மன்றத் தலைவர், தன் நாற்காலியையே யாரோ கேட்டதுபோல் நிமிர்ந்தார். "சரி, ஆறு மாசம் தர்றேன். ஊருக்கு இதுல என்ன லாபம்னு காட்டுங்க. காட்டலேன்னா நாற்பதை வாங்கிட்டுக் கொடுத்துடுவேன். நூலகத்துக்கு வேற ஆளையும் பார்த்துடுவேன்."

அன்றைய சாப்பாட்டில் அண்ணன் அவளை வறுத்தெடுத்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு கடையைத் திறந்து வெச்சுட்டு கல்லாவைப் பூட்டிட்டா!"

"நீங்க வாசல்ல நாலு துணியைத் தொங்க விடறீங்களே, பார்க்கறவங்ககிட்ட காசா வாங்கறீங்க?"

"அது சாம்பிள்மா."

"எனக்கு மொத்தச் சரக்கும் சாம்பிள்தான்."

பட்டியல் இணையத்தில் ஏறியது. முதல் மாதம் வந்ததெல்லாம் கேலிதான். யாரோ ஒரு மாணவி, எந்த ஆண்டில் எத்தனை நூல் வெளியானது என்று வரைபடம் போட்டிருந்தாள். எல்லா ஆண்டும் புல் உயரத்தில் இருக்க, ஒரே ஒரு ஆண்டு மட்டும் பனைமரமாக நின்றது. பதினோராயிரத்துச் சொச்சம்! 'அந்த வருஷம் ஊர்ல ஒருத்தரும் தூங்கலையா?' என்று கீழே எழுதியிருந்தாள். ஊரே சிரித்தது.

அது நூலகம் புதுக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த ஆண்டு. அச்சிட்ட ஆண்டு போடாத பழைய நூல்களையெல்லாம் அப்போது மொத்தமாகப் பதிந்தார்கள். பதிந்த ஆண்டையே பட்டியல் அட்டையில் எழுதி, இது ஊகம்தான் என்பதற்கு அடையாளமாகச் சுற்றிலும் சதுர அடைப்புக்குறி போட்டார்கள். பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தது. எண் தவிர வேறெதையும் அது ஆண்டுக் கட்டத்தில் வாங்க மறுத்ததால், அடைப்புக்குறிகளைக் கழற்றிவிட்டார்கள். ஊகமெல்லாம் ஒரே நாளில் உண்மையாகிவிட்டது.

பட்டியல் பிரிவுத் தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அட்டையைத் திருப்பி அனுப்பும் மனிதர். அதனால் அவர் மனைவி உட்பட எல்லாருக்கும் அவர் 'முற்றுப்புள்ளி'.

"மேடம், நம்ம மானம் கப்பலேறிடுச்சு. பட்டியலை உடனே இறக்கிடுவோம்."

"ஏறட்டும் சார். கப்பல் திரும்பி வரும்போது சரக்கோட வரும்."

நிறுவனத்துக்காரர் மன்றத் தலைவரின் அறைக்கே வந்துவிட்டார்; தலைமை நூலகரையும் வரவழைத்தார்கள். "சொத்தைச் சரக்கு சார் இது. இதுவரைக்கும் எடுத்தவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டும். இனிமே சேர்றது, திருத்தறது எல்லாம் எங்களுக்கு மட்டும்னா இருபது தரலாம்."

தலைவரின் முகம் விழுந்தது. அவளுக்கோ உள்ளுக்குள் விளக்கு எரிந்தது. வாங்க மனமில்லாதவர் 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை இழையாய்க் குறை சொல்லி, ஆனால் கையைவிட்டுக் கீழே வைக்காதவர்தான் வாங்குகிறவர். கடையில் அவள் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

"சொத்தைக்கு எதுக்கு சார் இருபது?" என்றாள். "ஆறு மாசம் முடியட்டும், பார்க்கலாம்."

மறுநாள், எண் மட்டுமே வாங்கும் கட்டாயம் இல்லாத இணையப் பட்டியலில், அந்தப் பதினோராயிரத்துக்கும் அடைப்புக்குறி திரும்ப ஏறியது. மேலே அவளே ஒரு வரி எழுதினாள்: 'இவற்றின் ஆண்டு எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஆதாரத்துடன் சொல்லுங்கள்.'

"தெரியாதுன்னு நாமளே தண்டோரா போடறதா?" என்று முற்றுப்புள்ளி பதறினார்.

அவர் பதறி முடிப்பதற்குள் ஆதாரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. மூடிப்போன பதிப்பகத்தின் பேரன், கிடங்கில் கிடந்த விலைப்பட்டியல்களைப் படமெடுத்து அனுப்பினான். வேறோர் ஊர் நூலகம் தன் பட்டியலையே திறந்துவிட்டது. ஓர் எழுத்தாளரின் மகள், 'அப்பா இதைப் போட்டப்ப நான் கைக்குழந்தை. உங்க கணக்குப்படி அப்ப எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கணும்' என்று எழுதினாள். முற்றுப்புள்ளிக்கு ஓய்வொழிச்சல் இல்லை. ஆனால் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. ஒவ்வொன்றையும் அவர் பார்த்த பிறகுதான் அடைப்புக்குறி கழன்றது.

"ஐயா, ஆதாரம் இல்லாம உங்க தாத்தாவே சொன்னாலும் ஏத்துக்க மாட்டேன்" என்று ஒருநாள் தொலைபேசியில் கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தாத்தாதான் பேசறேன். அந்தப் புத்தகத்தை எழுதினதே நான்தான்."

"ரொம்ப சந்தோஷம். அச்சகத்துல கொடுத்த ரசீதைப் படமெடுத்து அனுப்புங்க."

ஆறாம் மாதக் கூட்டம். நிறுவனத்துக்காரர் வாய் திறந்ததும் வந்த முதல் சொல் அறுபது லட்சம். தலைவர் அவளைப் பார்த்தார்.

"நாற்பதுன்னாரு, சொத்தைன்னு இருபதாக்கினாரு, இன்னிக்கு அறுபது" என்றாள் அவள். "சரக்கு அதேதான் தலைவரே. ஊர் கை பட்டதுல ஏறியிருக்கு. அந்தக் கைகளை வெளியே நிறுத்திட்டு வித்தா, அடுத்த வருஷமே திரும்பச் சொத்தையாயிடும். அப்புறம், பள்ளிக்கூட நூலகங்களுக்குப் பட்டியல் போட நீங்க எழுபது லட்சம் ஒதுக்கியிருந்தீங்க. அத்தனை பள்ளிக்கூடமும் நம்ம பட்டியல்லேர்ந்தே எடுத்துக்கிச்சு. எழுபதும் பைசா குறையாம இருக்கு."

தலைவர் கணக்கு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டினார். தலைவர் நிறுவனத்துக்காரர் பக்கம் திரும்பி, "உங்க அறுபதைவிட எங்க சும்மாவுக்குப் பத்து கூட" என்றார். பார்வையாளர் வரிசையில் கைத்தட்டல் எழுந்தது.

"நீங்களும் எடுத்துக்கலாம் சார், எல்லாரையும் போலச் சும்மா" என்றாள் அவள். "தப்பு கண்ணில பட்டா மட்டும் சொல்லுங்க."

அண்ணன் அன்று மாலை கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், "அவ என் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முற்றுப்புள்ளி தட்டச்சு செய்து நூலக வாசலில் ஒட்டிய கணக்கு இது:

பட்டியல் விற்ற வரவு: இல்லை.
ஆண்டு தெரியாதிருந்த நூல்கள்: 11,240.
ஊரார் சொல்லித் தெளிந்தவை: 10,816.
பாக்கி: 424.