சோப்பு வீட்டில் ஒரு முயல்

என் கணவருக்குத் தொழிற்சாலையில் 'மூக்கர்' என்று பெயர். சோப்பு வார்ப்பதற்கு முன் ஒவ்வொரு கலவையையும் முகர்ந்து பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் அவர் வேலை. அந்த மூக்கை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்படிப்பட்டவர் வீட்டில், கல்யாணமான கையோடு நான் ஒரு முயலைக் கொண்டுபோய் இறக்கினேன். முப்பத்தோரு வருஷம் ஆகிறது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

முயலின் பெயர் துரை. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வேளாவேளைக்குக் கீரையை எதிர்பார்க்கும் என்பதால் என் தம்பி வைத்த பெயர். பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த உயிர் அது ஒன்றுதான். அவர் வீடு மாடியில் இரண்டே அறைகள். ஜன்னலுக்குக் கீழே துரையின் கூண்டு. பிறந்த வீட்டில் இருந்தவரை நாறாத துரை, இங்கே வந்த பத்தாம் நாளே எங்கள் இருவரையும் மூக்கைப் பிடிக்க வைத்தது.

மூக்கர் சும்மா இருப்பாரா? தொழிற்சாலையிலிருந்து எலுமிச்சை சோப்பின் வெட்டுத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். தினமும் காலையில் கூண்டு, அது மூத்திரம் போகும் தட்டு, தரை எல்லாவற்றையும் நுரை பொங்கத் தேய்த்தார். ஒரு நாள் துரையையே வாளியில் முக்கினார். அது நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து நான் போட்ட சத்தம் கீழ் வீடு வரை கேட்டிருக்கும். அவர் கழுவக் கழுவ நாற்றம் கூடியது. காலையில் எலுமிச்சை, மாலையில் எலுமிச்சையும் மூத்திரமும். இன்றும் கடையில் அந்தச் சோப்பைக் கண்டால் இரண்டு அறையும் கண்முன் வந்துவிடும்.

ஒரு புதன்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தார். கெட்டுப்போன கலவை ஒன்றை நல்லது என்று அனுப்பிவிட்டாராம்.

"மூக்குல வேற எதுவும் ஏறமாட்டேங்குது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலை போயிடும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள துரையை யாருக்காவது கொடுத்துடலாம்."

"அப்போ என்னையும் சேர்த்துக் கொடுத்துடுங்க," என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அந்த வகையில் நாங்கள் நல்ல ஜோடிதான்.

மறுநாளே துரையைக் கூடையில் வைத்து, அவரையும் இழுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா துரையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"முயல் நாறலையே. சோப்புதான் நாறுது."

மூக்கரும் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும். குளிப்பாட்டினா பயத்துலயே உயிர் போயிடலாம். இது வயசுக்கு வந்த ஆண். கருத்தடை ஆபரேஷன் பண்ணினா மூத்திர நாத்தம் நிறைய குறையும். ஆனா சில வாரம் ஆகும். கூண்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவறீங்க?"

"தினமும்! சோப்பு போட்டு!" என்றார் மூக்கர் பெருமையாக.

"அதான் விஷயம். தன் வாசனை இருந்தாத்தான் இது நம்ம இடம்னு அதுக்குத் தெரியும். நீங்க அதைத் துடைச்சு அழிச்சுடறீங்க. பாவம், அதுக்குத் தினமும் புது வீடு. அதனாலதான் கண்ட இடத்துல போகுது. ஈரமான புல்லை எடுத்துடுங்க, ஆனா ஒரு கைப்பிடி பழசைத் தட்டுலயே விட்டுவைங்க. வாரம் ஒரு தடவை வினிகர் கலந்த தண்ணியில தட்டைக் கழுவினா போதும்."

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு திரும்பினோம். ஒரு கைப்பிடி அழுக்கை விட்டுவைப்பது அவருக்கு உயிர் போகிற காரியம். ஆனாலும் விட்டுவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டின் முன் மண்டியிட்டு, கண்ணை மூடி முகர்ந்தார். துரை தட்டில் மட்டும் போயிருந்தது. சுவரும் தரையும் காய்ந்து கிடந்தன.

"இருக்கட்டும். எங்கயும் கொடுக்க வேண்டாம்," என்றார்.

தட்டில் விட்டுவைத்திருந்த அந்தக் கைப்பிடி பழைய புல்லைப் பார்த்தார். பிறகு, "நீ வரும்போது கொண்டுவந்தியே ஒரு போர்வை, அது எங்க?" என்று கேட்டார்.

"அலமாரியில. வந்த அன்னிக்கே நீங்கதான் துவைச்சுப் போட்டீங்களே. என் துணி எல்லாத்தையும் சேர்த்து."

அது பிரியத்தில் செய்தது. புதுப்பெண்ணுக்கு வேலை வைக்கக்கூடாது என்று அவரே துவைத்தார். ஆனால் அந்தப் போர்வையில் முகத்தைப் புதைத்தபோது என் பிறந்த வீட்டு வாசனை அதில் இல்லை. அழுதேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் உங்க வீட்டுக்குப் போயிட்டு வரலாம்," என்றார். "உங்கம்மா போத்திக்கற போர்வை ஒண்ணு கேட்டு வாங்கிக்கோ. நான் துவைக்க மாட்டேன்."