வெள்ளிக்கிழமை லைனில் உயிர் இருந்தது

1

எழுபத்து மூன்று மணி நேரம்.

அவ்வளவு நேரம் எங்கள் ஊரில் இன்டர்நெட் இல்லை. புயலில் புதன் காலை போனது, சனி காலை வந்தது. சில வாரம் கழித்து, நஷ்டஈடு கேட்டு எழுதிக் கொடுப்பதற்காகத் திருவிடைமருதூரில் இருக்கும் கேபிள் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். இந்தக் கதை அங்கேதான் கிடைத்தது.

எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றார். கழுத்தில் சின்னச் சிலுவை. கவுண்டருக்குள் குனிந்து அவர் சொன்னது இவ்வளவுதான்:

"காசு வேண்டாம் தம்பி. லைன் செத்துக் கெடந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

அதற்கு என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் பேச்சை நின்று கேட்கக் கூச்சமாக இருந்தது. வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவருக்கு அருள்மேரி என்று பெயர் வைத்தேன். கணவர் ஆசீர்வாதம். குவைத்தில் ஒரே மகன், கிளாட்சன். கம்பெனிக்குப் பெயர் வைக்கவில்லை. (இனி அவர் 'அவள்' ஆகிறார். 'அவர்' என்று எழுதினால் மூன்றடி தள்ளியே நிற்கிறேன். கிட்டே போக வேண்டியிருக்கிறது.)

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அருள்மேரி ஒரு விஷயத்தை மறைக்கிறாள். எனக்கு அது தெரியும். அவள் வாய்விட்டுச் சொல்லும்வரை நானும் சொல்ல மாட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'குடிநீர், மின்சாரம் போல இன்டர்நெட்டும் இன்று ஓர் அத்தியாவசிய சேவை. அது தடைபட்டால் நஷ்டஈடு பெறும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும்—'

இது கட்டுரை. நிறுத்திவிட்டேன்.

ஆனால் அந்த வரியில் பொய் இல்லை. ரேஷன் கடையில் கைரேகை வைப்பதற்கு அது வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு செய்ய அது வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றுக்கும் வேண்டும். தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இங்கே யாராவது இறந்தால், பெட்டியை மூடுவதற்கு முன்னால், "முகம் பாக்குறவங்க பாத்துக்குங்க" என்று ஒரு குரல் வரும். அப்போது ஒருவர் தலைமாட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். போனுக்குள் ஒரு மகனோ மகளோ அழுதுகொண்டிருப்பார்கள். கை வலித்தாலும் அவர் போனைக் கீழே இறக்க மாட்டார்.

இரண்டாவது தொடக்கம்:

'ஆசீர்வாதத்தின் முகத்தை அவருடைய மகன் பார்க்கவில்லை.'

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ஆசீர்வாதம் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வியாழன் விடியலில் நெஞ்சைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். டாக்டர் வரவில்லை. பக்கத்து வீட்டு ஃபிளோராதான் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். "அக்கா" என்றாள். அருள்மேரிக்குப் புரிந்துவிட்டது.

கரண்ட் இல்லை. செல்போன் டவரும் இல்லை. ஐஸ் பெட்டிக்கு வழியில்லை. ஃபிளோராவின் கணவர் குத்தாலம் வரைக்கும் தண்ணீரில் நடந்து போய், அங்கிருந்து கிளாட்சனுக்குப் போன் பண்ணினார். உடனே கிளம்ப அவனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்பா முகத்த மட்டும் காட்டச் சொல்லுங்கண்ணே. ஒரே ஒரு வீடியோ கால்."

"நெட்டு இல்ல தம்பி. ஊரே செத்துக் கெடக்கு."

அப்பாவும் மகனும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. [காரணம் எழுதினேன். கல்யாணம் என்று போட்டேன், பிறகு வீட்டுமனை என்று மாற்றினேன். எதைப் போட்டாலும் கதை அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. எடுத்துவிட்டேன்.] பேசவில்லையே தவிர, ஆசீர்வாதத்தின் சட்டைப் பையில் எந்நேரமும் போன் இருக்கும். சாயங்காலம் கோயிலில் ஆறு மணிக்கு மணி அடித்தால் எடுத்துப் பார்ப்பார். மகனிடமிருந்து ஒன்றும் வந்திருக்காது. மறுபடி பைக்குள் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார்.

"அது என்ன புறாக்குஞ்சா, பறந்துபோயிடும்னு அமுக்குறீங்க?" என்பாள் அருள்மேரி.

குவைத்தில் கிளாட்சன் என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் நம்பருக்கே ஒரு மெசேஜ் அனுப்பினான். 'அப்பா, ஒரு தடவ பேசுங்க.' ஒற்றை டிக். அனுப்பியாகிவிட்டது, போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

அருள்மேரிதான் கணவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஜெபமாலையைச் சுற்றினாள். கொஞ்ச நேரம் அவள் மட்டும் அவருடன் இருந்தாள்.

[இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அடக்கம். மழையிலேயே. முகம் பார்க்கச் சொல்லிக் குரல் வந்தது. தலைமாட்டில் போனோடு யாரும் நிற்கவில்லை. மூடிவிட்டார்கள்.

4

லைன் வந்த சனிக்கிழமையே கிளாட்சன் கூப்பிட்டான். அழவில்லை.

"நெட் இல்லேன்னு சொல்லச் சொன்னல்ல?"

"நெசமா இல்லடா. ஊருக்கே இல்ல."

"நேத்து சாயங்காலம் அப்பாவுக்கு அனுப்புனது போய்ச் சேந்துருக்கு. ரெண்டு டிக். அப்புறம் நீலமாயிடுச்சு. தொறந்து படிச்சிருக்க."

அருள்மேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப?"

"நம்மூரு நேரம் ஆறு மணி."

ஆறு மணி. நேற்று அந்த நேரத்தில் அவள் ஈரச் சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் இல்லாததால் கோயில் பிள்ளை கயிற்றைப் பிடித்துக் கையாலேயே மணி அடித்தார். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"படிக்க நெட்டு இருந்துச்சு. மூஞ்சியக் காட்ட மட்டும் இல்லையா? அவரோட பேசலன்னு எனக்கு நீ குடுத்த தண்டனையாம்மா இது?"

"அய்யோ, இல்லடா."

"அப்பா போனு எங்க?"

"அது... வெள்ளத்துல போயிடுச்சு."

"சரி. போனும் போயிடுச்சு. இனிமே நான் எதுக்கு அந்த ஊருக்கு வரணும்?"

வைத்துவிட்டான். பிறகு அவள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

அதனால்தான் அவளுக்கு அந்த ஒரு வரி வேண்டும். கம்பெனி எழுதிக் கொடுத்தால் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பலாம். லைன் இல்லை, உன் அம்மா உன்னை ஏமாற்றவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

* குறிப்பு: நான் இயற்பியல் படித்தவள். இந்தக் கதைக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வைஃபை அலை நனைந்த களிமண்ணுக்குள் ஒரு முழம்கூடப் போகாது. தண்ணீர் குடித்துவிடும். இந்தக் குறிப்பு இங்கே எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கும் பயமாக இருப்பதால் எழுதி வைத்தேன்.

5

ஆபீசுக்கு ஃபிளோராவும் கூட வந்தாள். பஸ்சில் அவளால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை.

"நெட்டு இல்லாத மூணு நாளும் எம் புருஷன் என் மூஞ்சியப் பாத்துப் பேசுனாருக்கா. அதுக்கே தனியா நஷ்டஈடு கேக்கலாம்னு இருக்கேன்."

அருள்மேரி பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். [சில வாரம்தான் ஆகியிருக்கிறது. 'பல மாதம்' தப்பு. ஆனாலும் விட்டுவிடுகிறேன்.]

கவுண்டரில் இருந்தவர் பெயர் குணசேகரன். நல்ல மனிதர் என்றுதான் எழுத நினைக்கிறேன். கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். விதியை அவர் பொறுமையாகச் சொன்னார்: தொடர்ச்சியாக எழுபத்திரண்டு மணி நேரம் லைன் இல்லாமல் இருந்தால்தான் நஷ்டஈடு, நடுவில் கொஞ்ச நேரம் லைன் வந்திருந்தாலும் கிடையாது. (உண்மையில் விதி என்னவோ. இது கதைக்காக நான் போட்டது.)

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒங்க தெருவுல எல்லா லைனும் செத்துதாம்மா கெடந்துருக்கு. ஒங்க வீடு மட்டும்..."

"எங்க வீடும்தான் தம்பி."

"இல்லம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கால் மணி நேரம் உயிரோட இருந்துருக்கு."

லைன்காரர்கள் எப்போதும் அப்படித்தான் பேசுவார்கள். கம்பியில் உயிர் இருக்கிறதா, இந்தப் பெட்டிக்கு உயிர் வந்துவிட்டதா என்று. குணசேகரன் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அருள்மேரியின் கை மட்டும் கவுண்டரின் விளிம்பைத் தேடியது.

"என்ன சொன்னீங்க?"

"உயிரோட இருந்துருக்கும்மா. ஒரே ஒரு போன்லதான். ஆசீர்வாதம்னு பேரு காட்டுது. சும்மா ஒட்டிக்கிட்டுக் கெடந்தா பதிவாகாது. யாராச்சும் கையால தொறந்து பாத்துருக்கணும்."

"அதெப்புடி சார்?" என்றாள் ஃபிளோரா. "வாசல்ல வயரு அறுந்து தண்ணியில கெடந்துச்சே. நானே தாண்டித்தான் போனேன்."

"அதான் எனக்கும் புரியல. மிஷின் தப்பாக் காட்டுதோ என்னமோ. அந்தப் போனக் கொண்டாங்க. அதுல பாத்தாத் தெரிஞ்சுடும். தப்புன்னா, செத்துக் கெடந்துச்சுன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

போனைக் கொண்டு வந்தால் மகன் திரும்பக் கிடைப்பான். அருள்மேரி அசையவில்லை.

6

இந்த இடத்தில் இரண்டு மாதம் நின்றேன். இறங்கிப்போக வழிகள் இருந்தன.

முதல் வழி: ஊரில் இன்னொரு ஆசீர்வாதம். கம்பெனிக்காரர்கள் பெயரைக் குழப்பிவிட்டார்கள். குணசேகரன் மன்னிப்புக் கேட்கிறார். எங்கள் ஊரில் நிஜமாகவே நாலு ஆசீர்வாதங்கள் உண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் கிளாட்சன் மெசேஜ் அனுப்பியது இந்த ஆசீர்வாதத்துக்கு.

இரண்டாவது வழி: போனை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் ஒருவர், வெள்ளம் இல்லாத ஊருக்குப் போய், திறந்து, படித்து... இது நன்றாகவே இருந்தது. நாலு பக்கம் எழுதினேன். பிறகு அருள்மேரி போனைக் கடைசியாக எங்கே பார்த்தாள் என்று எழுத வேண்டி வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

மூன்றாவது வழியை நான் எழுத மாட்டேன். டாக்டர் வரவில்லை என்று மூன்றாம் பகுதியில் ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. அழித்துப் பார்த்தேன். அடுத்த நாள் பிரதி எடுத்தபோது மறுபடி எழுதியிருந்தேன்.

அருள்மேரியையும் நான் சந்தேகப்பட்டேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை? சொன்னால் மகன் நம்பிவிடுவானே. அதுதான் அவளுக்குப் பயம் என்று பிறகு புரிந்தது. அவன் நம்பினால் அவளும் நம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, மணி அடித்தபோது, அங்கே என்ன நடந்தது என்று இரண்டு பேரும் சேர்ந்து நினைக்க வேண்டும்.

அவள் கடைசியாகச் சொல்லப்போகும் வார்த்தைக்குப் பிறகு நான் எதையும் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு மண்வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் பாடு. எனக்குத் தைரியம் இல்லை.

7

ஃபிளோரா பொறுக்காமல் தன் போனிலிருந்து கிளாட்சனைக் கூப்பிட்டாள். அவள் நம்பர் என்பதால் எடுத்தான். திரையில் அவன் முகம் இளைத்திருந்தது. தாடி வளர்ந்திருந்தது. தாடியோடு அவன் அப்படியே அப்பா மாதிரி இருந்தான்.

"தம்பி, ஆபீஸ்லேருந்துதான் பேசுறோம். நீயே சார்கிட்ட கேட்டுக்க. எங்க லைனெல்லாம் செத்துக் கெடந்துச்சு."

"எங்க வீட்டு லைன்?"

குணசேகரன் அருள்மேரியைப் பார்த்தார்.

"பாத்தீங்களாக்கா," என்றான் கிளாட்சன். "அம்மா இருக்காங்களா? குடுங்க."

போன் கை மாறியது. மூன்று வாரத்துக்குப் பிறகு அருள்மேரி மகனைப் பார்த்தாள்.

"சாப்டியாடா?"

"அம்மா, ஒண்ணு மட்டும் கேக்குறேன். அன்னிக்கி நீலமானதும் நான் போனக் கீழ வைக்கல. பாத்துக்கிட்டே இருந்தேன். டைப்பிங்னு வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"டைப்பிங். அந்தப் பக்கம் எழுதுறாங்கன்னு காட்டும்ல, அது. ரொம்ப நேரம் வந்துச்சும்மா. நிக்கும், மறுபடி வரும். நிக்கும், மறுபடி வரும். கடைசி வரைக்கும் ஒரு எழுத்து வரல. என்ன எழுத வந்த? ஏன் நிறுத்துன? அத மட்டும் சொல்லு. நான் ஒன்னத் திட்ட மாட்டேன்."

ஆபீசில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் இருந்த ஒரு பெண் வாசலுக்குப் போய்விட்டாள்.

"நான் எழுதலடா," என்றாள் அருள்மேரி.

"பின்ன யாரு? போனு ஒங்கிட்டதான இருந்துச்சு?"

"சட்ட போட்டுவிட்டப்ப பை வெறும்பையா இருந்துச்சு. அவருக்கு அது நல்லால்ல. நான்தான் எடுத்து வச்சேன். அப்பா பையிலதாண்டா இருக்கு. பொட்டிக்குள்ள."