காரணம்: தமாஷ்

மேலாளர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது ஒரு தோல் கைப்பையும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். கைப்பையை வீட்டம்மாவுக்குக் கொடுத்தார். கொள்கையை எங்கள் தலையில் கட்டினார். சிரிக்கிற தொழிலாளி இரண்டு மடங்கு வேலை செய்வான் என்பது அந்தக் கொள்கை. ஆகவே இனிமேல் பட்டறையில் எல்லோரும் சிரிக்க வேண்டும், அதற்கு ஒரு மகிழ்ச்சிப் பொறுப்பாளர் வேண்டும், அந்தப் பதவிக்குத் தகுதியானவரை ஊரெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன் என்றார். தகுதியானவர் அவருடைய மனைவியின் தம்பியாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மைத்துனர் லென்ஸ் வெட்டும் பிரிவில் ஏற்கனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை 'மச்சான் சார்' என்று கூப்பிடுவோம். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டோம். ஒருநாள் காதில் விழுந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது. இப்போது சட்டையில் மஞ்சள் அட்டை ஒன்று வேறு தொங்கியது. அதில் சிரிக்கும் முகம் வரைந்திருந்தது. முகம் சிரித்தது, அட்டை மிரட்டியது.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் பட்டறை எங்களுடையது. கடைகளிலிருந்து சீட்டு வரும். சீட்டில் எழுதியிருக்கும் பவருக்குத் தேய்ப்பவர் தேய்ப்பார், நான் மெருகு போடுவேன். அப்புறம் தட்டு சோதனை மேஜைக்குப் போகும். அங்கே அக்கா உட்கார்ந்திருப்பார். பவர் பார்க்கும் மெஷினில் ஒற்றைக் கண்ணை வைத்து, ஒவ்வொரு லென்ஸையும் பார்த்து, சரியாக இருந்தால் சீட்டின் மூலையில் கையெழுத்தைக் கிறுக்குவார். தப்பாக இருந்தால் தட்டு திரும்பி வரும். அந்தக் கிறுக்கல் விழாத லென்ஸ் வெட்டுக்குப் போகாது, பிரேமில் ஏறாது. பத்தொன்பது வருடமாக அந்த மேஜை அவருடையது. மேலாளர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், நாற்காலியின் மெத்தைகூட மாறிவிட்டது, அக்கா மாறவில்லை.

அக்கா சிரிப்பதும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வராது என்று சொல்ல முடியாது. வேலை நேரத்தில் வராது, அவ்வளவுதான். மச்சான் சாருக்கு இது சவாலாகப் போயிற்று.

முதல் வாரம் அக்காவின் மேஜை இழுப்பறையைப் பசை போட்டு ஒட்டினார். இரண்டாம் வாரம் நாற்காலியின் ஒரு காலைக் கால் அங்குலம் தேய்த்துவைத்தார். மூன்றாம் வாரம் மெருகு போடும் கருப்பு மாவைத் தொலைபேசியில் தடவிவிட்டார். அக்கா பாதி நாள் ஒரு காது கருப்பாக நடமாடினார். ஒவ்வொரு தடவையும் மச்சான் சார் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கைதட்டுவார்.

"சும்மா தமாஷுக்குக்கா. யாருக்கு என்ன நஷ்டம்?"

அக்கா காதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு இருபது நிமிஷம் நஷ்டம். அதுல பதினாலு லென்ஸ் பாத்திருப்பேன்."

நாங்கள் சிரித்தோம். அக்காவைப் பார்த்துத்தான் சிரித்தோம், மச்சான் சாரைப் பார்த்தல்ல. அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

மாதக் கடைசியில் மேலாளர் எல்லோருக்கும் ஒரு படிவம் நிரப்புவார். வருகை, வேலை, ஒழுங்கு என்று கட்டங்கள். இப்போது 'சிரிப்பு' என்று புதிதாக ஒரு கட்டம். அக்காவின் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கொஞ்சம் கலகலன்னு இருங்கம்மா. உங்களால மொத்தப் பிரிவுக்கும் சராசரி குறையுது."

"இங்க வந்து நான் எத்தனை தப்பான லென்ஸை வெளிய விட்டிருக்கேன் சார்?"

"அது வேற கட்டம்."

நான்காம் வாரத் தமாஷ்தான் பெரியது. பவர் பார்க்கும் மெஷினில் கண் வைக்கிற இடத்தில் ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கோடுகள் தெளியும், மங்கும். பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். அக்கா தன் கண்ணுக்குச் சரியான இடத்தில் வெள்ளை நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்திருந்தார். தினமும் காலையில் தூசி துடைத்து, வளையத்தைப் புள்ளிக்குக் கொண்டுவந்து வேலையை ஆரம்பிப்பார். மச்சான் சார் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புள்ளியைச் சுரண்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி அதே போல இன்னொன்று வைத்தார். எனக்குத் தெரியும். அவர் நகச்சாயத்தை ஊதிக் காயவைக்கும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் சோறு இருந்ததால் பேசவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியத்திலிருந்து தட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. சரியாகத் தேய்த்த லென்ஸெல்லாம் தப்பு என்று வந்தன. தேய்ப்பவர் கோபக்காரர். மூன்றாம் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் மேஜையில் டமாரென்று வைத்தார்.

"எம்மேல ஏதாவது வஞ்சமாக்கா? இருந்தா நேரா சொல்லிடுங்க."

"பவர் தள்ளி இருக்குப்பா. நான் என்ன செய்ய?"

"என் கை தப்பா, உங்க கண்ணு தப்பா?"

அக்கா தன் கண்ணைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் எதையெல்லாமோ சந்தேகப்பட்டிருக்கிறார்: தேய்ப்பவரை, கடைக்காரர்களின் கையெழுத்தை, மேலாளர்களின் கணக்கை. அந்தப் புள்ளியை மட்டும் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. அது அவர் கையால் வைத்தது.

வீட்டில் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாராம். நூல் போயிற்று. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. கணவர் ஆறுதல் சொன்னார்: "கண்ணு மங்கினா என்ன இப்ப? நான் இல்லையா?"

"உங்கள மேஜையில வெச்சா பவர் பாக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு அக்கா விளக்கை அணைத்தாராம். இதை அவரே பின்னால் சொன்னார். அந்த மேஜை போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று அன்றைக்குத்தான் யோசித்ததாகவும் சொன்னார். கைக்குட்டையளவு துணியை மடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் வேலை மிஞ்சும். பட்டறையில் கண் தேவைப்படாத வேலை அது ஒன்றுதான்.

அதுதான் கிடைத்தது. புள்ளி நகர்ந்த இரண்டாவது வாரம் உத்தரவு தட்டச்சாகி வந்தது. அக்கா பெட்டி கட்டும் பிரிவுக்கு. சோதனை மேஜைக்கு மச்சான் சார், மகிழ்ச்சிப் பொறுப்போடு கூடுதலாக.

அன்று மாலை மகிழ்ச்சி அரைமணி. வாரம் ஒருமுறை வேலையை நிறுத்திவிட்டு வட்டமாக நின்று சிரிக்க வேண்டும். மச்சான் சார் நடுவில் வந்து, தொண்டையைச் செருமி, தமாஷைப் போட்டு உடைத்தார். புள்ளி நகர்ந்த கதையை நடித்தே காட்டினார். அக்கா கண்ணைக் கசக்குவது, தேய்ப்பவர் தட்டைப் போடுவது எல்லாம் செய்தார். கடைசியில் பெருந்தன்மையோடு மெஷின் பக்கம் போய், தன் புள்ளியைச் சுரண்டி, பழைய தடம் இருந்த இடத்திலேயே வெள்ளைப் புள்ளியைத் திரும்ப வைத்தார்.

"வெச்சாச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

தேய்ப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நூற்றிச் சொச்சம் லென்ஸை வெட்டியாகத் திரும்பத் தேய்த்திருந்தார்.

அக்கா மேலாளரிடம் போனார். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். மேஜையத் திருப்பிக் குடுங்க."

மேலாளர் இதற்குத் தயாராக இல்லை. ஆனால் தயாராக இல்லாத விஷயங்களில்தான் அவர் அதிகம் பேசுவார். "யோசிச்சுப் பாருங்க. ஒரு சின்ன தமாஷக் கண்டுபிடிக்க முடியாத கண்ணு, லென்ஸ்ல தப்பு எப்படிக் கண்டுபிடிக்கும்? உத்தரவு வேற தட்டச்சாயிடுச்சு."

அக்கா மச்சான் சாரிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்தப் புள்ளி மெஷினோடது இல்ல. என்னோட கண்ணுக்கு வெச்சது. நீங்க உக்காந்தா உங்க கண்ணுக்கு வளையத்தத் திருப்பணும். இல்லன்னா எல்லாமே தப்பாப் போகும்."

மச்சான் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா மாமா, அக்கா என்னையே ஏமாத்தப் பாக்கறாங்க. நான் வளையத்தத் திருப்புவேனாம், தப்பாப் போகுமாம், அவங்க கைதட்டுவாங்களாம்."

"அக்காவுக்கும் தமாஷ் வந்துடுச்சு," என்றார் மேலாளர். அந்த மாதப் படிவத்தில் அக்காவின் சிரிப்புக் கட்டத்தில் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதினார். பத்தொன்பது வருடத்தில் அக்கா சொன்ன மிக முக்கியமான உண்மைக்கு அவருக்குக் கிடைத்த மதிப்பெண் அது.

மச்சான் சார் மேஜையில் உட்கார்ந்தார். வளையத்தைப் புள்ளியில் வைத்தார். அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். செய்தித்தாளைத் தெருவுக்கு நீட்டித்தான் படிப்பார். ஆனால் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதென்று நினைப்பார்களாம். ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்யும் பட்டறையில் கண்ணாடிக்கு வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

சரியான லென்ஸெல்லாம் மறுபடியும் திரும்பி வந்தன. இந்தத் தடவை தேய்ப்பவர் சண்டைக்குப் போகவில்லை. திருப்பி அனுப்பியவர் மேலாளரின் மைத்துனர் ஆயிற்றே. "சரி, தப்பா வேணுமா, தப்பாவே தர்றேன்," என்று முனகிக்கொண்டு, மச்சான் சாரின் கண்ணுக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுத்தார். கையெழுத்து விழுந்தது. பெட்டி கட்டும் மேஜையில் அக்கா ஒவ்வொரு கண்ணாடியையும் துணியில் சுற்றும்போது ஒருமுறை தூக்கி, சுவரில் இருந்த ஜன்னலை அதன் வழியே பார்ப்பார். பார்த்துவிட்டு, சீட்டின் எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். நான் ஒருமுறை எதற்கு என்று கேட்டேன்.

"திரும்பி வரும். அப்ப தேடக் கூடாதுல்ல."

மச்சான் சார் மேஜைக்கு வந்த மூன்றாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மகிழ்ச்சியான பணியிடத்துக்கான கேடயத்துக்கு எங்கள் பட்டறை தேர்வாகியிருந்தது. மேலாளர் அந்த நாளுக்கென்றே புதுக் கண்ணாடி செய்துகொண்டார், எங்கள் பட்டறை லென்ஸ், மச்சான் சாரின் கையெழுத்து. நாற்காலிகள் போட்டு, எங்களை வரிசையாகச் சிரிக்க வைத்துவிட்டு, உரையை எடுத்தார்.

முதல் வரியிலேயே நின்றார். காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம். கை முழுக்க நீண்டுவிட்டது, அதற்குமேல் அவருக்குக் கை இல்லை. மச்சான் சாரைக் கூப்பிட்டு, "நீ படி," என்றார். மச்சான் சார் வாங்கித் தன் கையையும் நீட்டினார். ஒரு தாளை இரண்டு பேர் எட்டத் தள்ளிக்கொண்டே போவதை வந்தவர்கள் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாளிலிருந்து பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. தலைவலி, கண் எரிச்சல், படியில் தடுமாற்றம் என்று கடைக்காரர்கள் குறித்து அனுப்பியிருந்தார்கள். பதினோரு நாளில் நூற்று அறுபத்து மூன்று. அக்காவின் நோட்டில் இருந்த எண்ணிக்கையும் அதுதான். தேய்ப்பவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, முதல்முறையாக அக்காவுக்கு நாற்காலி நகர்த்திக் கொடுத்தார்.

மேலாளர் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டி கட்டும் மேஜைக்கே வந்தார். கூடவே மச்சான் சார், மஞ்சள் அட்டையோடு.

"நாளையில இருந்து நீங்க பழையபடி அந்த மேஜைக்குப் போங்கம்மா."

"உத்தரவு?"

"நான்தான் சொல்றேனே."

"எடுக்கும்போது தட்டச்சுலதான எடுத்தீங்க. குடுக்கும்போதும் அப்படியே குடுங்க."

அரைமணியில் உத்தரவு வந்தது. அக்கா படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேஜைக்குப் போனார். முதல் வேலையாகப் புள்ளியைச் சுரண்டினார். புதிதாக ஒன்றும் வைக்கவில்லை. இனி தினமும் தேடிக்கொள்வேன் என்றார்.

திரும்பி வந்த ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு சீட்டு எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்புவது சோதனை மேஜையின் வேலை. மேலாளர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மெஷின் கோளாறுன்னு போட்டுடுங்க."

அக்கா முதல் சீட்டில் நிதானமாக எழுதினார்: தமாஷ்.

"என்னம்மா இது? மேல இருக்கறவங்க பாப்பாங்க."

"பாக்கட்டும் சார். அவங்கதான கேடயம் குடுத்தாங்க, அவங்களுக்குப் புரியும்." சீட்டை மச்சான் சார் பக்கம் தள்ளினார். "லென்ஸப் பாத்தவர் கையெழுத்து வேணும். நீங்கதான பாத்தீங்க. காரணத்தையும் நீங்களே எழுதிடுங்க, கை வலிக்குது எனக்கு."

மச்சான் சார் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கேடயத்தைப் பார்த்தார். மேலாளருக்கு அந்த மேஜையில் அக்கா தேவை, அன்றைக்கே தேவை. கடைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். "எழுதுடா," என்றார், அக்காவிடம் முகத்தைக் காட்டாமல்.

மச்சான் சார் எழுதினார். சீட்டைக் கை நீட்டித் தள்ளிவைத்துக்கொண்டு, தமாஷ், கையெழுத்து, தமாஷ், கையெழுத்து. நாங்கள் வேலை செய்வது போல நின்று பார்த்தோம். எழுபதாவது சீட்டில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பேனாவை வைத்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா. ஒரு தடவை சிரிங்க, போதும். ஏன் இப்படிப் பழி வாங்கறீங்க?"

அக்கா மெஷினிலிருந்து கண்ணை எடுத்தார். "கடைசிச் சீட்டு முடிங்க. சிரிக்கறேன்."

அந்த நம்பிக்கையில் அவர் வேகமாக எழுதினார். நூற்று அறுபத்து மூன்றாவது சீட்டில் கையெழுத்துப் போட்டு, கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். அக்கா சீட்டுக்கட்டை வாங்கி, தட்டிச் சமப்படுத்தி, கயிறு கட்டினார். பிறகு வளையத்தை விரலால் மெல்லத் திருப்பி, கோடுகள் தெளிந்ததும் அடுத்த லென்ஸை எடுத்துவைத்தார்.

"அக்கா, சிரிப்பு?"

"அதுவா? சும்மா தமாஷுக்குச் சொன்னேன்."