தராசுத் தட்டின் அடியில் ஒரு சதம்

பள்ளிக்கூடத்தில் கமலாவதி ரீச்சர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அமெரிக்க மிசன்காரர் விட்டுப்போன பழைய காசுகளைக் கண்டால் அவருக்குக் கைகால் நில்லாது. பதினாறு சேர்த்து வைத்திருந்தார். கனவிலும் வருவது ஒன்றுதான்: அமெரிக்காவில் சதக் காசு புழக்கத்துக்கு வருமுன், அச்சு சரிதானா என்று அடித்துப் பார்த்த மாதிரிக் காசு. உலகத்தில் பத்துப் பன்னிரண்டுதான் உண்டென்று அவருடைய புத்தகம் சொன்னது.

1934இல் ஒரு சனிக்கிழமை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் சின்னாச்சி ரீச்சருக்கு வெங்காயம் நிறுக்கத் தராசைத் தூக்கினாள். தட்டின் அடியில் அரக்கு வைத்து ஒட்டிய செம்புக்காசு ஒன்று. விரிந்த கூந்தலோடு ஒரு பெண்முகம். கீழே 1792.

"ஐயோ, சின்னாச்சி! அப்பிடியே பிடி!"

"ஏன் ரீச்சர், நிறை குறையுதோ?"

"நிறை கிடக்கட்டும். உந்தக் காசு எங்காலை?"

"அம்மா மிசன் வீட்டிலை வேலை செய்தவ. மிசியம்மா போகேக்கை குடுத்த பொத்தான் போடுற தகரப் பேணிக்குள்ளை கிடந்தது. இந்தத் தட்டு பாரம் குறைவு, அதுதான் ஒட்டினனான்."

"எனக்குத் தாறியோ? பொய் சொல்லமாட்டன், இது பெரிய விலை பெறும்."

சின்னாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "தலையும் வாரி இழுக்காத உந்தப் பொம்பிளைக்கோ? கொண்டு போங்கோ. ஆனால் தராசு சரிஞ்சால் சனம் என்னைக் கள்ளி எண்டெல்லே சொல்லும்!"

காசைக் கழற்றியதும் தட்டு மேலே போனது. பக்கத்து வெற்றிலைக் கடை மார்க்கண்டு ஒரு பாக்கை நீட்டினார். போதவில்லை. யாரோ பெட்டகச் சாவியைத் தந்தார்கள். பாரம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கூட்டம் நெருக்கியது. ரீச்சர் சட்டென்று தோளில் குத்தியிருந்த வெள்ளி புரூச்சைக் கழற்றி ஒட்டினார். முள் ஆடி ஆடி நடுவில் நின்றது. சந்தையே கைதட்டியது.

ஒரு கையில் சேலைத் தலைப்பும் மறுகையில் காசுமாகச் சண்டிலிப்பாயில் இருந்த தன் வீடு வரை ரீச்சர் ஓட்டமும் நடையுமாகப் போனார். வெங்காயம் சந்தையிலேயே கிடந்தது.

காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பிலடெல்பியாவிலுள்ள பழங்காசு வியாபாரிகளுக்கு அனுப்பினார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: தேய்ப்பில் தெரிவது உண்மையான மாதிரிதான், விற்பீர்களா, என்ன விலையானாலும் தருகிறோம்.

ரீச்சர் கடிதத்தோடு சந்தைக்கு ஓடி, சின்னாச்சிக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

"பாதி உனக்கு. விப்பமோ?"

சின்னாச்சி சிரிப்பு விரிந்திருந்த ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "வித்தால் இப்பிடிச் சிரிப்பியளோ?"

"இல்லை."

"அப்ப எழுதுங்கோ, தரமாட்டம் எண்டு!"

வெங்காயக் குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கில் குந்தியிருந்து, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தபடி அந்தப் பதிலை எழுதினார்கள்.