கடலை ஓட்டுக் கரி

வீரம்மாளின் காலில் இரண்டு வருஷமாக ஆறாத புண். பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். வாடையைத்தான் பொறுக்க முடியவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவள் புருஷன் பிச்சமுத்து திருச்சியில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் அட்டெண்டர். அது ஐம்பத்தெட்டாம் வருஷம். அங்கே அக்னஸ் டீச்சர் வேர்க்கடலை ஓட்டைக் கருக்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இரும்புக் குழாயில் கடலை ஓடுகளை அடைத்துச் சூடேற்றி, கரி தணலாய்ச் சிவந்ததும் உள்ளே நீராவியை விடுவார். ஆறியபின் இடித்துக் கழுவிக் காயவைப்பது பிச்சமுத்துவின் வேலை.

ஒருநாள் டீச்சர் அந்தக் கரியில் வெல்லத் தண்ணீரை வடிகட்டினார். தெளிந்த நீராக இறங்கியது.

"நிறம் எங்கம்மா போச்சு?" என்றார் பிச்சமுத்து.

"கரி பூரா கண்ணுக்குத் தெரியாத துளைங்கண்ணே. நீராவிதான் அதைத் திறந்துவிடுது. நிறம், வாடை எல்லாம் அதுல ஒட்டிக்கும்."

"வாடையுமா?"

கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்ல விஷயத்தைச் சொன்னார். மறுநாள் டீச்சர் ஒரு ஜாடி நிறையக் கரி கொடுத்தார். "புண்ணுல படாம, கட்டுக்கு மேல வைங்க."

பழைய வேட்டியில் பிச்சமுத்துவே பை தைத்துக் கரியை அடைத்தார். முதல் பை ஒழுகிப் புடவையெல்லாம் கருப்பானது. "கரி மூட்டை தூக்குறவளாட்டம் ஆக்கிட்டீங்களே!" என்று வீரம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! துணியை இரண்டாக மடித்து இன்னொன்று தைத்தார்.

இரண்டு நாள் கழித்து, "வாடையே இல்ல வீரம்மா" என்றார்.

"எனக்காகச் சொல்றீங்க."

ஞாயிற்றுக்கிழமை அவளை வற்புறுத்தி ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏற்றினார். வீரம்மாள் காலை ஒடுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழியில் கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண் அவளை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வீரம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் வீரம்மாளின் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.

கோயில் ஸ்டாப் வந்தது. பிச்சமுத்து எழுந்தார். வீரம்மாள் அசையவில்லை.

"எறங்கலியா?"

"சத்தம் போடாதீங்க" என்றாள், கண்ணில் நீரோடு. "இந்தப் பொண்ணு தூங்கட்டும். அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வருவோம்."