உருகாப் பால் ஐஸ்

1994ஆம் ஆண்டு ஜூன் 20, திங்கட்கிழமை காலை முதல் வலங்கைமான் பக்கீர் முகம்மது கடையின் பால் ஐஸ் உருகவில்லை. இதைப் புதிய குளிர்பெட்டியின் சாதனை என்று ஒரு செய்தித்தாள் எழுதியது. இது பெரும் அநியாயம். அந்தக் கடையில் அப்போது குளிர்பெட்டியே கிடையாது. புகழ் முழுவதும் ஓர் ஒற்றெழுத்துக்கு உரியது. முப்பது ஆண்டுகளாகியும் மறுப்பு வெளிவரவில்லை.

ஐஸ் அவ்வூருக்கு வந்தது 1959இல். பக்கீரின் அத்தா கும்பகோணத்திலிருந்து பனிப்பாளத்தை மரத்தூளில் புதைத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். புறப்பட்டபோது ஆளுயரம் இருந்தது, வந்து சேர்ந்தபோது செங்கல்லளவு. எழுபதுகளில் உப்பும் பனிக்கட்டியும் நிரப்பிய பீப்பாயைக் கையால் சுற்றி ஏலக்காய் போட்ட பால் ஐஸ் செய்தார்கள். 1992இல் வெளியூர் நிறுவனங்களின் கண்ணாடிப் பெட்டிகள் கடைத்தெருவில் இறங்கின. குழந்தைகள் கோன் கேட்டு அழுதன. வீம்புக்குப் பக்கீரும் ஒரு பலகை எழுதச் சொன்னார். பெயின்டர் வைரக்கண்ணு, ‘உருகா பால் ஐஸ் இங்கே கிடைக்கும்’ என்று எழுதி மாட்டினார். ஐஸ் வழக்கம்போல் உருகிக்கொண்டிருந்தது.

பக்கீரின் மனைவி கமருன்னிஸாவுக்குப் பலகை ஒரு பொருட்டே இல்லை. மகன் பாசித் ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருந்தான். அங்கே வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தான். மூன்றாம் முறை எழாமலே போய்விடுவானோ என்று அந்தத் தாய் அஞ்சினார். விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களிடமெல்லாம் ஃபிளாஸ்கில் பால் ஐஸ் கொடுத்தனுப்பினார். போய்ச் சேர்ந்ததெல்லாம் புளித்த பால்தான்.

அந்தத் திங்கட்கிழமை, பெண்கள் பள்ளியின் தமிழாசிரியை மதுரம் பணி ஓய்வு பெற்றுச் சென்னைக்குக் குடிபெயர இருந்தார். பேருந்துக்குப் போகிற வழியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

“பாய், ரெண்டு வருஷமா இந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைவலி. ‘உருகா’வுக்கு அப்புறம் ஒரு ‘ப்’ வரணுங்க.”

“ஐஸே நிக்க மாட்டேங்குது டீச்சர், எழுத்தா நிக்கப்போவுது?” என்றார் பக்கீர்.

ஏணியோடு அழைத்து வரப்பட்ட வைரக்கண்ணு, “இடமில்லீங்க டீச்சர்” என்றார்.

“நுழைச்சு எழுதுங்க. நான் பஸ்ஸை விட்டாலும் விடுவேன், இதை விடமாட்டேன்.”

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகும் என்பது விதி. விதி நிறைவேறியதும் பொருளும் நிறைவேறியது. ஐஸ் அதன்பின் வெயிலில் உருகவில்லை. வாயிலும் உருகாததால் கற்கண்டைப்போல் கடித்துத் தின்றார்கள். வயிற்றிலும் உருகாததால் குளிர்ச்சி தீரவில்லை. குறுவை நடவுக்குப் போன அம்சம் என்ற பெண், “வயித்துக்குள்ள மார்கழி மாசம் வந்து உக்காந்துக்கிச்சுக்கா” என்று கமருன்னிஸாவிடம் சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் பாடிக்கொண்டே நட்டாள். ஒருவரும் இரண்டாவது ஐஸ் வாங்குவதில்லை என்று மட்டும் பக்கீர் முணுமுணுத்தார்.

அந்த வாரமே, விடுமுறை முடிந்து ஷார்ஜா திரும்பிய பக்கத்துத் தெரு ஜாஃபர் சாதிக் ஒரு பால் ஐஸைத் தூக்குச்சட்டியில் வைத்து, மயிலாடுதுறையில் ரயிலேறி, சென்னையில் விமானமேறி, மூன்றாம் நாள் பாசித்திடம் சேர்த்தான். அது குச்சியோடு விறைப்பாக நின்றது. பத்து நாள் கழித்து டெலிபோன் கடைக்கு அழைப்பு வந்தது. “அம்மா, எல்லாரும் வேர்த்து ஊத்துறாங்க, நான் போர்வை கேக்குறேன். சூப்பர்வைசர் என்னை ஒட்டிக்கிட்டேதான் நிக்கிறாரும்மா!”

மறு ஆண்டு ஆவணியில் பெய்த ஒரு மாலை மழை, ‘ப்’ எழுத்தின் புள்ளியைக் கழுவிக்கொண்டு போனது. கடையின் மரப்பெட்டியிலிருந்த ஐஸெல்லாம் பாலாக ஓடியது. சற்று நேரத்தில் டெலிபோன் கடைக்கு அழைப்பு வந்தது. “அம்மா, வேர்க்குதும்மா. கண்ணு இருட்டுது.” கமருன்னிஸா ரிசீவரை அப்படியே விட்டுவிட்டு ஓடி, முக்காலியில் ஏறி, வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பை விரலால் தொட்டுப் புள்ளி வைத்தார். திரும்பி வந்து ரிசீவரை எடுத்தபோது மகன் தும்மிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு நிறுவனத்தின் முகவர் வந்து, பலகையைக் கழற்றினால் குளிர்பெட்டி இலவசம் என்றார். “உங்க பெட்டி கரண்டு போனா நின்னுடும். எங்க புள்ளிக்குக் கரண்டு வேணாங்க” என்று கமருன்னிஸா அவருக்கும் ஒரு பால் ஐஸ் கொடுத்தனுப்பினார். பாசித் இன்றும் ஷார்ஜாவில்தான் இருக்கிறான், சூப்பர்வைசராக. கோடையிலும் ஸ்வெட்டர் அணிகிறான். அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.

வாசகரே, அந்தக் கடைத்தெரு வழியாக நீங்கள் சென்றால் நிமிர்ந்து பலகையைப் பாருங்கள். புள்ளி மங்கியிருந்தால் உள்ளே சென்று சுண்ணாம்பு கேட்டு வாங்கி, முதலில் அதை வையுங்கள். ஐஸ் பிறகு தின்னலாம்.